மாடிப்படிக் கதவுக்கு ஸ்டூல் முட்டுக் கொடுக்கிறீர்களா? 'ஃபயர் டோர்' செக் பண்ண 5 வழிகள்!

அபார்ட்மென்ட்டோ, ஐ.டி. ஆபீஸோ... மாடிப்படிக்குப் போகும் வழியில் கனமான ஒரு கதவு இருக்கும். தள்ளினால் திறக்கும், விட்டால் தானாக மூடிக்கொள்ளும். 'சும்மா சும்மா மூடிக்குதே'னு கடுப்பாகி, யாராவது ஒருத்தர் தண்ணி கேனையோ ஸ்டூலையோ முட்டுக் கொடுத்து வெச்சிருப்பாங்க. அதுதான் ஃபயர் டோர். மூடியிருந்தால் மட்டுமே அதனால் பயன்!

அப்படி என்ன செய்யும்?

தீ விபத்துகளில் நெருப்பைவிடப் புகைதான் பெரிய எமன். 2011 டிசம்பரில் கொல்கத்தாவின் ஏ.எம்.ஆர்.ஐ. மருத்துவமனையில் தீப்பிடித்தது பேஸ்மென்ட்டில். ஆனால் புகை மேல் மாடிகளுக்கு ஏறியதால், மூச்சுத்திணறி இறந்தவர்களே அதிகம். திறந்து கிடக்கும் மாடிப்படி, புகைக்கு ஒரு புகைபோக்கி மாதிரி. அந்த வழியை அடைத்து, நீங்கள் இறங்கி ஓட நேரம் வாங்கிக் கொடுப்பதுதான் இந்தக் கதவின் வேலை.

கதவின் ஓரத்தில் மெல்லிய பட்டை ஒன்று ஓடும். சூடு ஏறியதும் அது உப்பி, கதவுக்கும் நிலைக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அடைத்துவிடும்.

சர்டிஃபிகேட் எப்படிக் கொடுக்கிறார்கள்?

கதவை நிலை, கீல், பூட்டு, குளோஸர் சகிதம் உலையின் வாயில் பொருத்தி எரிப்பார்கள். உலையின் வெப்பம் அரை மணி நேரத்தில் சுமார் 840 டிகிரி செல்சியஸ், ஒரு மணி நேரத்தில் சுமார் 945 டிகிரி. எத்தனை நிமிடம் தாக்குப்பிடிக்கிறதோ, அதை வைத்து 30, 60, 120 நிமிடம் என ரேட்டிங். ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தில் இதற்கான ஆய்வுக்கூடம் இருக்கிறது.

இங்கேதான் ட்விஸ்ட். எரித்துப் பார்த்த கதவு காலி. உங்கள் மாடியில் இருப்பது அதே டிசைனில் செய்த இன்னொரு கதவு. அதில் பிறகு ஸ்மார்ட் லாக்குக்காக ஓட்டை போட்டாலோ, சாதா கீல் மாற்றினாலோ, அந்த சர்டிஃபிகேட்டை நம்ப முடியாது. அதனால்தான் அவ்வப்போது ஆய்வு தேவை.

லண்டனின் கிரென்ஃபெல் டவரில் 2017 ஜூன் 14-ல் 72 பேரைப் பறிகொடுத்த தீ விபத்துக்குப் பிறகு, அங்கிருந்த ஒரு வீட்டுக் கதவைச் சோதித்தார்கள். 30 நிமிடம் தாங்க வேண்டிய கதவு, சுமார் 15 நிமிடம்தான் தாங்கியது. பல வீட்டுக் கதவுகள் தானாக மூடவில்லை என்பதும் விசாரணையில் தெரிந்தது. இப்போது இங்கிலாந்தில் 11 மீட்டருக்கு மேல் உயரமான குடியிருப்புகளில், பொதுவழிக் கதவுகளை 3 மாதத்துக்கு ஒருமுறை ஆய்வு செய்வது கட்டாயம். 2023 ஜனவரியிலிருந்து இது சட்டம்.

நீங்களே செக் பண்ணலாம்!

1. கதவைப் பாதி திறந்து கையை விடுங்கள். தானாகப் போய், 'க்ளிக்' எனத் தாழ் விழும்வரை மூட வேண்டும்.

2. நாலு ஏ.டி.எம். கார்டை அடுக்கினால் சுமார் 3 மி.மீ. பக்கவாட்டிலும் மேலேயும் இடைவெளி ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கலாம். ஆறு கார்டு ஈஸியாக நுழைந்தால் பிரச்னை.

3. ஓரப் பட்டை பிய்ந்திருக்கிறதா, மேலே பெயின்ட் அப்பியிருக்கிறதா எனப் பாருங்கள்.

4. கீலில் எல்லா ஸ்க்ரூவும் இருக்கிறதா? கண்ணாடியில் விரிசல் உண்டா?

5. கீல் பக்க ஓரத்திலோ மேல் ஓரத்திலோ தயாரிப்பாளர் பெயரும் நிமிடக் கணக்கும் உள்ள லேபிள் இருக்கிறதா?

இதெல்லாம் முதல் கட்டப் பார்வைதான். ரிப்பேரை அதற்கான ஆள்தான் செய்ய வேண்டும். குறை தெரிந்தால் போட்டோ எடுத்து அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, 'டெஸ்ட் சர்டிஃபிகேட் எங்கே, கடைசியாக எப்போ செக் பண்ணீங்க, யார் பண்ணாங்க?' எனக் கேளுங்கள். வாடகைக்கு இருப்பவர்களும் தாராளமாகக் கேட்கலாம். புகை, ஓனரா டெனன்ட்டா என்று பார்த்து வராது.

பதில் வரும்வரை ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அந்த ஸ்டூலை எடுத்துடுங்க ப்ளீஸ்!