ஆற்றாமையின் வாக்கு: கட்சி எல்லையைக் கடக்கும் நகர வாக்காளர்

'கட்சித் தாவல்' என்னும் தொடர் நமக்குப் புதிதன்று. 2022-ஆம் ஆண்டு மலேசிய நாடாளுமன்றம் அரசியலமைப்பைத் திருத்தித் தாவலுக்குத் தடை விதித்தபோது, தமிழ் நாளேடுகளில் பெரிதும் புழங்கிய தொடர் அது. ஒரு கட்சியின் பெயரால் வென்ற உறுப்பினர் மற்றொரு கட்சியின் வரிசையில் சென்று அமர்வதை அது சுட்டுகிறது. தாவுபவருக்குக் கையில் ஒரு பதவி உண்டு. தடைக்கு முன்னர், தாவிய பின்னும் அது அவரிடமே இருந்தது.

வாக்காளர் தம் வழக்கமான கட்சியை விட்டு மாற்றி வாக்களிப்பதையும் இதே சொல்லால் குறிக்கலாமா? இவ்வினாவை ஆராய்வதற்கு அமெரிக்காவின் மேற்குக் கரை நகரங்களை நாம் சான்றாகக் கொள்கிறோம். அந்நகரங்களில் வீடின்றித் தெருவில் உறங்குவோர் தொகை பெருகியது. அதனால் மனம் கசந்த வாக்காளர் பலர் கட்சி எல்லையைக் கடந்தனர். அச்செயலின் தன்மை யாது, அதற்குப் பொருந்தும் சொல் யாது என்பனவே இக்கட்டுரை ஆராயும் பொருள்கள்.

சியாட்டல் நகரச் சான்று

வாஷிங்டன் மாநிலத்தின் சியாட்டல் நகரம் ஜனநாயகக் கட்சியின் கோட்டை. 2020-ஆம் ஆண்டு அதிபர் தேர்தலில் அந்நகர வாக்காளருள் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் அக்கட்சி வேட்பாளரையே ஆதரித்தனர். வீடின்மையை நெருக்கடி நிலையாக 2015-ஆம் ஆண்டு நவம்பரிலேயே அந்நகரம் அறிவித்திருந்தது. 2018-ஆம் ஆண்டு மே மாதத்தில், வீடற்றோருக்கு நிதி திரட்டுவதற்காகப் பெருநிறுவனங்கள்மீது மாநகர மன்றம் ஒரு வரி விதித்தது. எதிர்ப்பு வலுக்கவே, ஒரு மாதம் நிறைவதற்குள் அதனைத் திரும்பப் பெற்றது. கூடாரங்கள் மட்டும் பூங்காக்களிலும் நடைபாதைகளிலும் நிலைத்தன.

2021-ஆம் ஆண்டு நவம்பரில் நகர வழக்கறிஞர் பதவிக்குத் தேர்தல் நடைபெற்றது. நகரின் சார்பில் வழக்காடுவதும் சிறு குற்றங்கள்மீது வழக்குத் தொடுப்பதும் அப்பதவிக்குரிய பணிகள். மூன்று தவணைகள் அப்பதவியை வகித்தவர் முதற்கட்டத் தேர்தலிலேயே தோற்றுவிட்டார். எஞ்சிய இருவருள் ஒருவர், சிறு குற்ற வழக்குகளைப் பெரும்பாலும் கைவிட வேண்டும் என்று வாதிட்டவர். மற்றவர் ஆன் டேவிசன். முந்தைய ஆண்டு மாநிலப் பதவியொன்றுக்குக் குடியரசுக் கட்சி வேட்பாளராக நின்றவர். வென்றவர் டேவிசன்.

இம்முடிவை மட்டும் காண்போர் 'சியாட்டல் வலப்பக்கம் சாய்ந்துவிட்டது' என்று எளிதில் கூறிவிடுவர். ஆனால் அதே நாளில், அதே வாக்குச்சீட்டில், இடதுசாரிக் கொள்கையுடைய டெரீசா மொஸ்கேடாவை மாநகர மன்றத்துக்கு அவ்வாக்காளர்கள் மீண்டும் தேர்ந்தெடுத்தனர். 2025-ஆம் ஆண்டுத் தேர்தலில் டேவிசன் பெரும் வேறுபாட்டில் தோற்றார். எனவே மாறியது அவர்தம் கட்சிப் பற்றன்று. ஒரு பதவிக்கு, ஒரு பொழுதுக்கு, ஒரு பணியை முன்னிட்டு அளிக்கப்பட்ட வாக்கு அது.

இங்கு நாம் இரண்டு எச்சரிக்கைகளை மனத்திற்கொள்ள வேண்டும். முதலாவது, அந்நகரப் பதவிகளுக்கான வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் அச்சிடப்படுவதில்லை; கட்சிப் பெயர் கண்ணில் படாதபோது எல்லையைக் கடப்பது எளிதாகிறது. இரண்டாவது, அம்முடிவுக்கு வீடின்மை மட்டுமே காரணமன்று. கடைத் திருட்டு பற்றிய அச்சமும், எதிர்த்து நின்றவரின் கொள்கை பற்றிய ஐயமும் அதனுடன் கலந்திருந்தன. வாக்கு ஒன்றாயினும் அதன் காரணங்கள் பல.

லாஸ் ஏஞ்சலிஸ்: ஈகையும் ஏமாற்றமும்

'வாக்காளர் இரக்கமற்றவராகிவிட்டனர்' என்று சிலர் விளக்கம் கூறுவர். லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் அனுபவம் அதனை மறுக்கிறது. 2016-ஆம் ஆண்டு நவம்பரில், வீடற்றோருக்குக் குடியிருப்புகள் கட்ட 1.2 பில்லியன் டாலர் கடன்பத்திரம் வெளியிடும் திட்டத்தை அந்நகர மக்கள் நான்கில் மூன்று பங்கினருக்கு மேல் ஆதரித்தனர். அடுத்த ஆண்டு, அந்நகரை உள்ளடக்கிய மாவட்டத்தின் வாக்காளர்கள் இதே நோக்கத்துக்காக விற்பனை வரியை உயர்த்தவும் இசைந்தனர். தம்மேல் தாமே வரி விதித்துக்கொண்ட மக்களை இரக்கமற்றவர் எனல் பொருந்தாது.

ஆயினும் கட்டுமானம் மெதுவாகவே நடந்தது. செலவோ ஏறிக்கொண்டே போயிற்று. சில கட்டடங்களில் ஒரு வீட்டுக்கு 800,000 டாலருக்கு மேல் ஆவதாக நகரத் தணிக்கையாளர் 2022-ஆம் ஆண்டு அறிவித்தார். அதே ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மாவட்டத்தில் வீடற்றோர் 69,144 பேர். 2016-ஆம் ஆண்டிலோ அத்தொகை ஏறத்தாழ 47,000 மட்டுமே.

இப்பின்னணியில் 2022-ஆம் ஆண்டு மேயர் தேர்தல் வந்தது. முன்னர்க் குடியரசுக் கட்சியிலிருந்து, அவ்வாண்டுதான் ஜனநாயகக் கட்சியில் பதிவு செய்துகொண்ட கட்டட முதலீட்டாளர் ரிக் கருசோ, வீடின்மையை முதற்பொருளாக்கிப் போட்டியிட்டார். வெற்றி கேரன் பாஸ் அவர்களுக்கே. எனினும் கருசோ நூற்றுக்கு 45 வாக்குகள் அளவில் பெற்றார். குடியரசுக் கட்சியினர் சிறுபான்மையினராக வாழும் நகரில், அக்கட்சியினர் வாக்கை மட்டும் கொண்டு இவ்வளவு பெற இயலாது. வென்றவரும் இக்குரலைக் கேளாதிருக்கவில்லை. பதவியேற்ற முதல் நாளிலேயே வீடின்மையை நெருக்கடி நிலையாக அறிவித்தார். தோற்ற வாக்கும் ஆட்சியின் வரிசைமுறையை மாற்றக்கூடும் என்பதற்கு இது சான்று.

கண்ணில் படும் வீடின்மை

இதே வேளையில் நியூயார்க் நகரிலும் வீடற்றோர் மிகப் பலர். எனினும் அங்கு அவர்களுள் பெரும்பாலோர் கூரையின்கீழ் உறங்குகின்றனர். 1981-ஆம் ஆண்டின் நீதிமன்ற உடன்பாடு ஒன்றன்வழித் தங்குமிட உரிமை அங்கு நிலைபெற்றது. லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டத்திலோ 2022-ஆம் ஆண்டு வீடற்றோருள் பத்தில் ஏழு பேர் வெட்டவெளியில் கிடந்தனர். வாக்காளரின் மனக்கசப்பு பெரிதும் கண்ணுக்குப் புலனாகும் வீடின்மையைத் தொடர்ந்தே எழுகிறது.

இதில் ஓர் இடர் உண்டு. காட்சியை அகற்றுவதும் துயரை அகற்றுவதும் ஒன்றல்ல. கூடாரங்களை அகற்றும் பணியை அங்குள்ள அதிகாரிகள் 'தூய்மைப்பணி' என்பர். எதிர்ப்போர் 'பெருக்கித் தள்ளுதல்' என்பர். செயல் ஒன்றே, ஒரு சொல்லில் குப்பை மட்டும் தெரிகிறது, மற்றதில் மனிதர் தெரிகின்றனர். 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், தங்குமிடம் போதாத நிலையிலும் பொதுவிடத்தில் உறங்குவோருக்குத் தண்டனை விதிக்கலாம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே கலிஃபோர்னியா ஆளுநர், ஜனநாயகக் கட்சியினர், கூடாரங்களை அகற்றுமாறு மாநிலத் துறைகளுக்கு ஆணையிட்டார். வாக்காளர் எல்லை கடக்கத் தொடங்கியதும் கட்சிகளும் தம் எல்லைக்கோட்டை நகர்த்திக்கொள்கின்றன.

அடிப்படைக் காரணமோ வேறிடத்தில் இருக்கிறது. கிரெக் கோல்பர்ன், கிளேட்டன் பேஜ் ஆல்டர்ன் இருவரும் 2022-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு நூல், நகரத்துக்கு நகரம் வீடின்மை வேறுபடுவதற்குப் போதைப்பழக்கமோ வறுமை விகிதமோ காரணமாகாது என்றும், வாடகை உயர்வும் காலி வீடுகளின் பற்றாக்குறையுமே காரணம் என்றும் காட்டியது. வீடு கட்ட ஆண்டுகள் ஆகும். தேர்தலோ நான்காண்டுக்கு ஒருமுறை வருகிறது. இவ்விடைவெளியில்தான் மனக்கசப்பு விளைகிறது.

விரக்தியா, ஆற்றாமையா?

இம்மனக்கசப்பைத் தமிழில் 'விரக்தி' என்று எழுதுகிறோம். அவ்வடசொல்லின் முதற்பொருள் பற்றறுதல். பற்றற்றவர் வாக்குச்சாவடிக்கு வருவதில்லை, வீட்டிலேயே இருந்துவிடுவார். நாம் கண்ட வாக்காளரோ தம் நகரின்மேல் பற்றுடையவர், வரி கொடுத்தவர், மீண்டும் வரிசையில் நின்றவர்.

அவர்க்குப் பொருந்தும் சொல் 'ஆற்றாமை' என்பது நம் துணிபு. 'ஆற்று' என்னும் வினைக்குச் செய்தல் என்பது ஒரு பொருள்: கடமையாற்றுகிறோம். தணித்தல் மற்றொரு பொருள்: பசியாற்றுகிறோம். பொறுத்தல் மூன்றாம் பொருள்: துயரை ஆற்றிக்கொள்கிறோம். இம்மூன்றும் இயலாத நிலையே ஆற்றாமை. தெருவில் ஒருவர் கிடப்பதைப் பொறுக்கவும் இயலவில்லை. அவர் துயரைத் தணிக்கவும் இயலவில்லை. ஆட்சியாளரைச் செய்யவைக்கவும் இயலவில்லை. அந்நிலையில் கையில் எஞ்சியது வாக்கு ஒன்றே.

ஆகவே அதனைத் 'தாவல்' எனலாகாது. அது கைமாற்றாகக் கொடுத்த வாக்கு. பெற்றவர் பணியை முடிக்காவிடின் திரும்பிவிடும். சியாட்டலில் திரும்பியதை நாம் கண்டோம்.

தேர்தல் செய்தியை வகுப்பறையில் படிக்கும்போது, 'எக்கட்சி வென்றது?' என்பதோடு ஆசிரியர் மேலும் இரண்டு வினாக்களை எழுப்பலாம். அதே வாக்குச்சீட்டில் அவ்வாக்காளர் வேறு யாரைத் தேர்ந்தெடுத்தனர்? அத்தேர்தலில் பேசுபொருளான மனிதர்கள், முடிவு வந்தபின் எங்கே உறங்குகின்றனர்? வீடற்றோர் பலர்க்கு வாக்குப் பதிவும் அரிது. அவர்களைக் குறித்துப் பிறர் அளிக்கும் வாக்கில் அவர்தம் குரல் இருப்பதில்லை. முதல் வினாவுக்குப் புள்ளிவிவரம் விடை தரும். இரண்டாவதற்கு விடை காண, மாணவர் அடுத்த நாள் செய்தியையும், அடுத்த ஆண்டுச் செய்தியையும் தேடிப் படிக்க வேண்டியிருக்கும். அப்பழக்கத்தை வளர்ப்பதே மொழியாசிரியர் குடிமைக் கல்விக்கு ஆற்றக்கூடிய பணி.