தாதியருக்கு முதுகலை: எந்தப் படிப்பு எந்த வேலைக்கு?

நம் குடும்பங்களில் தாதியாக வேலை செய்யும் பிள்ளைகள் நிறைய. டிப்ளோமா முடித்து, வேலை பார்த்துக்கொண்டே இளங்கலைப் பட்டமும் வாங்கியவர்கள் அடுத்துக் கேட்கும் கேள்வி, "மாஸ்டர்ஸ் எதில் செய்யலாம்?" என்பதுதான். பொதுவான தாதிமை முதுகலையா, அல்லது 'நர்ஸ் பிராக்டிஷனர்' துறையா? இரண்டும் முதுகலைதான் என்றாலும், முடித்த பிறகு செய்யும் வேலை வேறு.

என்ன வேறுபாடு?

பொதுவான முதுகலையில் ஆய்வு, கற்பித்தல், நிர்வாகம் ஆகியவற்றுக்கே முக்கிய இடம். தாதியர் கல்லூரி விரிவுரையாளர், வார்டு நிர்வாகி, ஆய்வாளர் போன்ற பணிகளுக்கு அது உதவும். பட்டப்படிப்பு மாணவர்களுக்குப் பாடம் நடத்த விரும்புவோருக்கு முதுகலை அவசியம்.

நர்ஸ் பிராக்டிஷனர் வேலை எப்படிப்பட்டது என்பது தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு எளிதில் புரியும். டாக்டர் எப்போதாவது வந்துபோகும் தோட்ட ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர்தான் நோயாளியைப் பார்த்து மருந்து கொடுப்பார். டிரஸ்ஸர் தாதி அல்லர். ஆனாலும், நோயாளியைப் பரிசோதித்துச் சிகிச்சையை முடிவு செய்யும் அந்தப் பொறுப்பை, உயர்கல்வி பெற்ற தாதி சட்டப்படி ஏற்பதே இந்தத் துறை. 1965இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் இதற்கான முதல் பயிற்சி தொடங்கியது.

சிங்கப்பூரில்

அங்கு இந்தப் பணியில் இருப்பவர்களை 'ஏபிஎன்' என்பார்கள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் 2003இல் இதற்கான முதுகலைப் படிப்பைத் தொடங்கியது. பட்டம் வாங்கியதும் ஏபிஎன் ஆகிவிட முடியாது. மருத்துவமனையில் மேற்பார்வையின் கீழ் பயிற்சி முடித்து, தாதிமை வாரியத்தின் சான்றிதழையும் பெற வேண்டும். 2018இல் தொடங்கிய தனிப் பயிற்சியையும் முடித்தவர்கள், மருத்துவருடன் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி மருந்து எழுதிக் கொடுக்கலாம். அதே பல்கலைக்கழகத்தில் ஆய்வு வழி முதுகலையும் உண்டு. அது ஏபிஎன் ஆவதற்கான வழி அல்ல.

மலேசியாவில்

இங்கே ஏபிஎன் போன்ற பாதை சிங்கப்பூர் அளவுக்கு இன்னும் வேரூன்றவில்லை. தீவிர சிகிச்சை, சிறுநீரகம், அறுவைக்கூடம், மகப்பேறு போன்ற சிறப்புத் துறைகளுக்குத் தாதியர் பெரும்பாலும் 'போஸ்ட் பேசிக்' படிப்பின் வழியாகவே போகிறார்கள். மலாயாப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் கிடைக்கும் தாதிமை முதுகலை, கற்பித்தலுக்கும் ஆய்வுக்கும் தலைமைப் பொறுப்புக்கும் கதவு திறக்கும். ஆகவே, இங்கேயே வார்டில் நோயாளிகளுடன் இருக்க விரும்புபவருக்கு முதலில் போஸ்ட் பேசிக் கூடுதல் பயன் தரலாம். கற்பிக்க விரும்புபவர் பொதுவான முதுகலையைத் தேர்ந்தெடுக்கலாம்.

பணம் கட்டும் முன்

மாஸ்டர்ஸ் என்ற பெயரைப் பார்த்துக் கடன் வாங்கிச் சேர்ந்து, பிறகும் அதே வேலையில் அதே சம்பளத்தில் இருக்கும் நிலை வரக்கூடாது. நான்கு விஷயங்களை விசாரித்துவிடுங்கள்.

1. எந்த நாட்டில் வேலை செய்யப் போகிறீர்கள்? அந்த நாட்டுத் தாதியர் வாரியம் இந்தப் படிப்பை ஏற்கிறதா என்று அங்கேயே நேரடியாகக் கேளுங்கள்.

2. மலேசியப் படிப்பு என்றால் எம்கியூஏ அங்கீகாரம் இருக்கிறதா?

3. மேற்பார்வையுடன் நோயாளிகளைப் பார்க்கும் பயிற்சி உண்டா? முழுக்க இணையவழியில் பாடம் மட்டும் படித்து நர்ஸ் பிராக்டிஷனர் ஆக முடியாது. ஆஸ்திரேலியாவில் உரிய முதுகலையோடு, கடந்த ஆறு ஆண்டுகளுக்குள் 5,000 மணி நேர உயர்நிலைப் பணி அனுபவத்தையும் கேட்கிறார்கள்.

4. வேலை செய்யும் மருத்துவமனை செலவை ஏற்குமா? ஏற்றால் எத்தனை ஆண்டு ஒப்பந்தம்? படிப்பு முடிந்தபின் அதற்கேற்ற பதவி அங்கே இருக்கிறதா? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

முடிவெடுக்கும் முன், இரண்டு பாதையிலும் வேலை செய்யும் மூத்த தாதி ஒருவரிடமாவது பேசுங்கள். அவருடைய ஒரு நாள் வேலை எப்படிப் போகிறது என்று கேட்டாலே, எது உங்களுக்கு ஒத்துவரும் என்பது தெரிந்துவிடும்.