மட்டியில் மறையும் நஞ்சு

நெல்லையே நம்பி வாழும் குத்தாலத்தில் இருந்துகொண்டு கடல் நஞ்சைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். தரங்கம்பாடி, பூம்புகார், பழையாறு ஆகிய துறைகளின் மீனை உண்டு பழகியவர்கள் நாம். நம் வயலுக்கு இட்ட உரத்தின் சத்தில் ஒரு பங்கு வடிகால் வழியே அதே கடலைத்தான் சென்றடைகிறது. அத்தகைய சத்து மிகுந்த நீரில் கண்ணுக்குப் புலப்படாத நுண்பாசிகள் சில காலங்களில் அளவுமீறிப் பெருகுவதுண்டு. அவற்றுள் நஞ்சுடையவை சில இனங்களே என்றாலும், நீரை வடிகட்டி இரை தேடும் மட்டியும் சிப்பியும் ஆளியும் அந்நஞ்சைத் தம் உடலில் சேர்த்துக்கொண்டு, பார்வைக்கு யாதொரு விகாரமுமின்றி இருந்துவிடுகின்றன.

1981ஆம் ஆண்டு கல்பாக்கத்தை அடுத்த வயலூரில், கழிமுகத்து மட்டியைச் சமைத்துண்டவர்களில் 85 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர், மூவர் மாண்டனர். 1997 செப்டம்பரில் கேரளத்து விழிஞ்ஞத்தில் சிப்பி உண்டவர்களில் ஏழு பேர் உயிரிழக்க, சிகிச்சைக்கு வந்தவர்கள் 500க்கும் மேற்பட்டனர். இத்தகைய மட்டியில் சேரும் சாக்ஸிடாக்ஸின் எனப்படும் நஞ்சு நரம்புகளின் செய்தியோட்டத்தைத் தடுத்துவிடுவதால், முதலில் உதடும் நாவும் மரத்து, பின் கைகால் தளர்ந்து, முடிவில் சுவாசமே ஸ்தம்பிக்கும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. கொதிக்க வைத்தாலும் இது அழியாது. புளியும் மிளகும் இதன்முன் பயனற்றவை.

நடுக்கடலும் இந்த அபாயத்துக்கு விலக்கல்ல. அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு அப்பால், வெகுதூரத்தில் விரிந்து கிடக்கும் ஜார்ஜஸ் என்னும் கடலடித் திட்டில் 1990 ஜூன் மாதம் மீன்பிடித்துக்கொண்டிருந்த ஆறு பேர், வலையில் சிக்கிய சிப்பியைச் சுமார் 90 நிமிஷம் வேகவைத்து உண்டும் நஞ்சுக்கு இலக்காயினர். அதே ஆண்டு அப்பகுதியில் மட்டி எடுப்பதற்கு விதிக்கப்பட்ட தடை இருபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. பின்னர் அதிகாரிகளும் விஞ்ஞானிகளும் படகு முதலாளிகளும் கூடி ஆலோசித்து வகுத்த முறை, என் எண்ணத்தில், போற்றுதற்குரியது: பிடிப்பைத் தொடங்குமுன் அந்த இடத்து மட்டியில் குறைந்தது ஐந்து மாதிரிகளை எடுத்துப் படகிலேயே சோதிக்க வேண்டும், ஒன்றில் நஞ்சு தென்பட்டாலும் அங்கே பிடிக்கலாகாது, கரை சேர்ந்த சரக்கும் ஆய்வுக்கூடத்தின் முடிவு வரும்வரை சந்தைக்குப் போகலாகாது. நூறு கிராம் சதைக்கு 80 மைக்ரோகிராம் நஞ்சு என்பதே பல நாடுகள் ஏற்றுக்கொண்ட வரம்பு. 2013இல் அந்தத் திட்டின் ஒரு பகுதி மீண்டும் திறக்கப்பட்டது. தடை ஒன்றையே பரிகாரமாகக் கொண்டிருந்தால் அத்தொழில் அங்கே மடிந்திருக்கும். சோதனையின்றித் திறந்திருந்தால் உயிர்கள் மடிந்திருக்கும்.

நம் நாட்டிலிருந்து கப்பலேறும் சிப்பிக்கு அயல்நாட்டுச் சந்தை சான்று கேட்கிறது. கொள்ளிடத்தின் முகத்துவாரத்திலோ வெள்ளாற்றின் கழிமுகத்திலோ முழங்கால் நீரில் இறங்கி, கையால் துழாவி மட்டி பொறுக்கி, அன்றைக்கே குழம்பு வைக்கும் பெண்ணுக்கு எந்தச் சான்றைக் கொடுத்தோம்? வயலூரில் மாண்டவர்களும் கழிமுகத்து மட்டியை உண்டவர்களே. வெள்ளாற்று முகத்தில், பரங்கிப்பேட்டையில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு மையம் நெடுங்காலமாக இயங்கி வருகிறது. அறிவுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. மட்டி எடுக்கும் பருவத்தில் முறையாக மாதிரி எடுத்துச் சோதிக்கவும், முடிவை அன்றே மீனவர் பஞ்சாயத்துக்குத் தெரிவிக்கவும், தடை விதிக்கும் நாட்களுக்குக் கூலியிழப்பை ஈடுசெய்யவும் மீன்வளத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும். ஈட்டுத்தொகை இல்லாத தடையைப் பசி மதிக்காது.

அதுவரையில் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கடல் நீரின் நிறம் மாறியிருக்கும்போது மட்டி, சிப்பி எடுப்பதைத் தவிருங்கள், நிறம் மாறாத நீரிலும் நஞ்சு இருக்கக்கூடும் என்பதை மறவாதீர்கள். உண்டபின் உதடு மரத்தால் கைவைத்தியத்தில் நேரத்தைப் போக்காமல், செயற்கைச் சுவாசக் கருவியுள்ள மருத்துவமனைக்கு உடனே செல்லுங்கள்.