தலையற்ற விலாங்கு தந்த பாடம்

— இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

பழவேற்காடு ஏரிக்கரையில் பிறந்தவன் நான். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள். சிறு வயதில் ஒரு நாள், அம்மா அரிவாள்மனையில் விலாங்கு மீனின் தலையை அறுத்த பின்னும் அதன் உடல் நெளிவதைக் கண்டு நடுங்கினேன். "தலையே போயிடுச்சே, இதை ஆட்டுறது யாரும்மா?" என்று கேட்டேன். "உயிர் இன்னும் அடங்கலடா" என்றார் அம்மா.

அந்தக் கேள்வியை வகுப்பில் கேட்க வெட்கப்பட்டேன். மீன் கவிச்சு வீசும் கேள்வி என்று பிறர் நகைப்பார்களோ என்னும் அச்சம்! ஆனால் அறிஞர் பலர் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த கேள்வியன்றோ அது!

மூளை இடுவது 'போ' என்னும் பொதுக் கட்டளை மட்டுமே. உடலை இடமும் வலமும் வளைப்பவை தண்டுவடத்திலுள்ள நரம்பணுக் கூட்டங்கள். இடப்புறக் கூட்டம் துடிக்கும்போது வலப்புறத்தை அடக்கி வைக்கும். அது ஓய்ந்ததும் வலப்புறம் துடிக்கும். எங்கள் ஏரியின் 'பாடு' முறையும் இத்தகையதே. ஒரு கூட்டத்தார் வலையிடும் நாளில் மற்றவர் ஒதுங்கி நிற்பர். பின்பு முறை மாறும். நாள்தோறும் எவரும் கட்டளையிட வேண்டியதில்லை. இத்துடிப்பு தலையிலிருந்து வால் நோக்கிச் சற்றே தாமதித்துப் பரவுவதால் உடலில் அலை எழுகிறது, மீன் முன்னேறுகிறது.

இதையே கணக்காக்கி எந்திரத்துக்கும் ஊட்டலாம். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ஐஸ்பேர்ட் என்பாரின் குழுவினர், பல்லி வடிவ நீர்நில வாழ்வியான சாலமாண்டரைப் போன்ற ரோபோவை 2007இல் உலகுக்குக் காட்டினர். கட்டளைக் குறி மெலிதாயின் அது நடக்கும், வலுத்தால் நீந்தும்! 2021இல், விலாங்கு போல நீண்ட லாம்ப்ரே மீனைப் பின்பற்றி மற்றொன்று செய்தனர். அதன் உடலின் இருபுறமும் நீரின் அழுத்தத்தை உணரும் கருவிகள் உண்டு. கணுக்களுக்கு இடையேயான செய்தித் தொடர்பைத் துண்டித்த பிறகும் அது நீந்தியது. நீரின் அழுத்தமே ஒவ்வொரு கணுவுக்கும் செய்தியாயிற்று. ஒரு பகுதி பழுதானாலும் முடங்காத ரோபோக்களுக்கு இதுவே வழி.

விடுமுறையில், வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்த அப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் ஊசியை நிறுத்தாமலே கேட்டார்: "மீனைப் பார்த்து எங்கேயோ இருக்கிறவன் கத்துக்கிட்டான். மீனோடவே இருக்கிற நீ ஏன்டா வாயைத் திறக்கலை?"

நண்பர்களே, உங்கள் ஊர் வயலிலும் தறியிலும் இத்தகைய கேள்விகள் கிடக்கும். வெட்கப்படாமல் வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். நானும் இனிக் கேட்பேன்.