காடும் கணக்கும் – 7: ஒரே மரம், ஒரே வயது

ஐரோப்பாவில் காடு அழிந்துகொண்டிருக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். ரஷ்யாவை விட்டுவிட்டுப் பார்த்தால் அந்தக் கண்டத்தின் நிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் காடு. 1990-க்குப் பிறகு அது கூடியிருக்கிறதே தவிர, குறையவில்லை. போன வாரம் பார்த்தது இந்தப் பரப்பளவுக் கணக்கு. அதை மட்டும் வைத்துக்கொண்டு ஐரோப்பாவின் காடு நலமாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. உள்ளே நிற்பது என்ன மரம் என்று கேட்க வேண்டும்.

ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைக்குப் போனால் பதில் கண்ணெதிரே நிற்கும். சரிவு சரிவாகப் பட்டுப்போன ஸ்புரூஸ் மரங்கள், பட்டை உரிந்து, சாம்பல் நிறத்தில். மலையின் உச்சியில் ஸ்புரூஸ் தானாகவே வளரும். கீழ்ச்சரிவுகளோ பீச் மரத்துக்கு உரியவை. சுரங்கங்களுக்கும் உலைகளுக்கும் மரம் தேவைப்பட்ட காலத்தில் பீச்சை வெட்டிவிட்டு, வேகமாகவும் நேராகவும் வளரும் ஸ்புரூஸை நட்டார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் மொட்டையான மலைகளிலும் அதையே வரிசையாக நட்டார்கள்.

இத்தனைக்கும், வளரும் அளவுக்கு மேல் வெட்டக்கூடாது என்ற விதியை 1713-லேயே புத்தகமாக எழுதிவைத்தவர், சாக்சனியில் சுரங்க நிர்வாகியாக இருந்த கார்லோவிட்ஸ். அந்த மரபில் வந்த ஜெர்மானியரான டீட்ரிக் பிராண்டிஸ்தான் 1864-ல் இந்தியாவின் முதல் தலைமை வன அதிகாரியானார். நல்ல விதிதான். ஆனால் அது காத்தது மரத்தின் அளவை. எத்தனை வகை மரம், எத்தனை வயது மரம் என்பது அந்தக் கணக்கில் வரவே இல்லை.

2018-ல் தொடங்கி மூன்று ஆண்டுகள் வறட்சி. ஸ்புரூஸின் வேர் ஆழமாகப் போகாது. மேல்மண் காய்ந்தால் மரம் தவித்துப்போகும். அதற்காகக் காத்திருந்ததுபோல வந்தது பட்டை வண்டு. நீளம் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர்தான். ஆண் வண்டு முதலில் பட்டையைத் துளைத்து உள்ளே போய், வாசனை விட்டு மற்ற வண்டுகளைக் கூப்பிடும். தெம்புள்ள மரம் பிசினைச் சுரந்து வண்டை மூழ்கடித்துவிடும். தண்ணீர் இல்லாத மரத்தில் பிசின் ஏது? பட்டைக்கு அடியில் பெண் வண்டு நீளமாகச் சுரங்கம் தோண்டி முட்டையிடும். புழுக்கள் பக்கவாட்டில் அரித்துக்கொண்டே போக, மரத்தின் உணவுப் பாதை அறுந்துபோகும். மரத்தடியில் காப்பித்தூள் போலப் பழுப்புப் பொடி சிந்திக் கிடந்தால் வண்டு ஏறிவிட்டது என்று அர்த்தம். அடுத்த தலைமுறை பறப்பதற்குள், சில வாரங்களிலேயே, அந்த மரத்தை வெட்டி வெளியேற்றியாக வேண்டும். லட்சக்கணக்கான மரங்களில் ஒரே நேரத்தில் இதைச் செய்ய யாரிடம் ஆள் இருக்கிறது? 2018 ஜனவரியிலிருந்து 2021 ஏப்ரலுக்குள் ஜெர்மனி இழந்த காடு ஏறத்தாழ 5 லட்சம் ஹெக்டேர். 2017 முதல் ஜெர்மனியின் காடுகள் கரியமில வாயுவை உறிஞ்சுவதைவிட அதிகமாக வெளிவிடுகின்றன என்று 2024-ல் வெளியான அந்நாட்டின் வனக் கணக்கெடுப்பு சொல்கிறது.

வேறு வழி இல்லாமலும் இல்லை. 1970-ல் தொடங்கிய பவேரியக் காட்டுத் தேசியப் பூங்காவில் 1983-ல் புயல் அடித்து ஏராளமான மரங்கள் சாய்ந்தன. அவற்றை அப்படியே விட்டுவிடுவது என்று பூங்காத் தலைவர் ஹன்ஸ் பீபெல்ரீதர் தரப்பு முடிவெடுத்தது. வண்டு பெருகியது, பின்னாளில் மலையே வெளுத்தது, சுற்றியிருந்த ஊர்க்காரர்கள் கொதித்தார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் விழுந்த மரங்கள் மக்க மக்க, அவற்றின் மேலேயே கன்றுகள் முளைத்தன. இன்று அங்கே பல வயதில், பல இனத்தில் இளங்காடு நிற்கிறது. என்னைக் கேட்டால், ஐரோப்பிய வனத்துறைகள் முதலில் போய்ப் படிக்க வேண்டிய பாடசாலை அதுதான்.

அரசுப் பூங்காவால் முப்பது, நாற்பது ஆண்டுகள் பொறுத்திருக்க முடியும். ஜெர்மனியின் காட்டில் ஏறக்குறைய பாதி தனியாருடையது. வண்டு விழுந்த மரம் ஒரே சமயத்தில் சந்தைக்கு வந்து குவிந்ததில் விலையும் சரிந்தது. பிள்ளையின் படிப்புக்கென்று சில ஹெக்டேர் ஸ்புரூஸை நம்பியிருந்த குடும்பத்திடம் ‘காடு தானே வரும், காத்திரு’ என்று எப்படிச் சொல்வது? அவர்கள் பீச்சும் ஓக்கும் நட்டாலும் மான் வந்து குருத்தை மேய்ந்துவிடுகிறது. வேலி போடப் பணம் வேண்டும். அந்தப் பணத்தை யார் தருவது என்ற சண்டையை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)