சிலம்பு யாருடையது?
(போட்டித் தேர்வில் வாதங்களை எடை போடும் விதம்)

மூன்றாம் ஆண்டு மாணவி, மின்னியல் பிரிவு



ஓம் விதி, கிர்ச்சாஃப் விதி என்றால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவோம். மோட்டாரில் இன்சுலேஷன் போயிருக்கிறதா என்று மெக்கரை வைத்துப் பார்த்துச் சொல்லிவிடுவோம். ஆனால் ரயில்வே ஜூனியர் இன்ஜினியர் தேர்வின் மாதிரி வினாத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால், ‘கூற்று – வாதம்’ என்ற இடம் வந்ததும் நம்மில் பலர் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறோம். “அதெல்லாம் இங்கிலீஷ் மீடியம் படிச்சவங்க சமாச்சாரம்” என்று ஹாஸ்டலில் ஒரு பேச்சு வேறு. இத்தனைக்கும் ரயில்வே தேர்வைத் தமிழிலேயே எழுதலாம்!

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 2024-ல் வந்த அறிவிப்பின்படி ரயில்வே ஜே.இ. முதல் கட்டத் தேர்வில் 100 கேள்விகள், 90 நிமிடங்கள். அதில் 25 கேள்விகள் காரணமறியும் பகுதி. ஒரு தப்பான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மார்க் கழிந்துவிடும். எஸ்.எஸ்.சி. ஜே.இ. முதல் தாளில் 200 மார்க்குக்கு 50 மார்க் இந்தப் பகுதிக்கு. அங்கே தப்புக்குக் கால் மார்க் போகும். மேனேஜ்மென்ட் படிப்பில் சேர எழுதும் ஜிமேட், சட்டப் படிப்புக்கு எழுதும் கிளாட் இவற்றிலும் இதே சரக்கு கொஞ்சம் நீளமாக வருகிறது. டிப்ளமோவோடு நிற்காமல் மேலே போக நினைப்பவர்கள் எங்கே போனாலும் இதைச் சந்தித்தே ஆக வேண்டும்.

ஒரு வாதத்தில் என்ன இருக்கிறது? ஒரு முடிவு, அதற்கு ஒரு காரணம். அவ்வளவுதான் வெளியே தெரியும். ஆனால் இரண்டுக்கும் நடுவில் சொல்லாமல் விட்ட ஒன்று பாலம்போலக் கிடக்கும். வினாத்தாளில் இதற்கு ‘அனுமானம்’ என்று பெயர் போட்டிருப்பார்கள். அந்தப் பாலம் உறுதியா, ஓட்டையா என்று பார்ப்பதுதான் நம் வேலை. முடிவு நமக்குப் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பது நம் வேலையே இல்லை.

உதாரணத்துக்கு வெளியூர் போக வேண்டாம். நம் மதுரையில் நடந்ததாக இளங்கோவடிகள் சொல்லும் வழக்கையே எடுத்துக்கொள்வோம்.

அரசியின் சிலம்பு காணாமல் போயிற்று. அதேபோன்ற ஒரு சிலம்பு கோவலன் கையில் இருக்கிறது. ஆகவே கோவலன்தான் கள்வன். பொற்கொல்லன் சொன்ன வாதம் இது. காரணம் உண்மை, சிலம்பு அவன் கையில்தான் இருந்தது. ஆனாலும் முடிவு பொய். எப்படி? ‘இந்தச் சிலம்பைப் போல வேறு சிலம்பு கிடையாது’ என்ற ஒன்று சொல்லாமல் உள்ளே ஒளிந்திருக்கிறது. பாண்டியன் அரசியின் ஊடலைத் தீர்க்கப் போகும் அவசரத்தில் இருந்தான். சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்றுவிட்டுச் சிலம்பைக் கொண்டுவரச் சொன்னான். இங்கே நிறுத்தி யோசியுங்கள். கோவலன் திருடியிருந்தாலும் சிலம்பு அவன் கையில் இருக்கும். தன் மனைவியின் சிலம்பை விற்க வந்திருந்தாலும் அவன் கையில்தான் இருக்கும். இரண்டு கதைக்கும் ஒரேபோலப் பொருந்துகிற சான்று எந்தக் கதையையும் நிரூபிக்காது. மன்னன் வைத்த பரிசோதனையே தப்பு.

இதைவிட மோசமான ஒன்று கொலைக்களக் காதையில் வருகிறது. காவலர்கள் கோவலனைப் பார்த்துவிட்டு, “இவனைப் பார்த்தால் கொலைக்கு உரியவனாகத் தெரியவில்லையே” என்கிற பொருளில் தயங்குகிறார்கள். உடனே பொற்கொல்லன் திருடர்களின் மந்திரம், மருந்து, தந்திரம் என்று எட்டு வகை சாமர்த்தியத்தை அடுக்குகிறான். அதாவது, திருடன்போல இருந்தால் திருடன். திருடன்போல இல்லாவிட்டால் அவன் பெரிய திருடன்! எந்தப் பக்கம் போனாலும் மாட்டிக்கொள்ளும்படி கட்டிய வாதம் இது. தேர்வில் இப்படி ஒரு தெரிவு வந்தால் கண்ணை மூடிக்கொண்டு ‘வலுவற்றது’ என்று போடலாம். அன்றைக்கு அதைக் கேட்டு ஒரு காவலன் வாளை ஓங்கிவிட்டான்.

கண்ணகி சபைக்கு வந்து என்ன செய்தாள்? அழுதாள், ஆத்திரப்பட்டாள், எல்லாம் சரி. ஆனால் வழக்கை ஜெயித்தது அதனால் அல்ல. பொற்கொல்லன் கெட்டவன் என்று சொல்லியும் அவள் ஜெயிக்கவில்லை. ‘வேறு சிலம்பு கிடையாது’ என்ற அந்தப் பாலத்தைக் குறிபார்த்து அடித்தாள். என் சிலம்பின் உள்ளே இருப்பது மாணிக்கப் பரல் என்றாள். எங்களுடையது முத்துப் பரல் என்று மன்னனே ஒப்புக்கொண்டான். இப்போதுதான் இரண்டு கதையையும் பிரிக்கிற சான்று கிடைத்தது. உடைத்தாள், மாணிக்கம் தெறித்தது. வாதம் முடிந்தது.

தேர்வு எழுதும் நமக்கும் இதே வழிதான். ஓர் அனுமானத்தை எடுத்து அதற்கு நேர் எதிராகச் சொல்லிப் பாருங்கள். ‘இதுபோல வேறு சிலம்பும் உண்டு’ என்றதும் பொற்கொல்லனின் வாதம் படுத்துவிடுகிறது. ஆகவே அது தேவையான அனுமானம். ‘அரசியின் சிலம்பு விலை உயர்ந்தது’ என்பதை எதிராகச் சொல்லிப் பாருங்கள். விலை குறைந்ததாக இருந்தாலும் வாதத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகவே அது தேவையில்லாதது. இந்த ஒரு சோதனை கைக்கு வந்துவிட்டால் பாதிக் கேள்விகள் அடங்கிவிடும்.

இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. மணிமேகலையை எழுதிய சாத்தனார் நம் மதுரையில் தானிய வியாபாரம் செய்தவர் என்பது வழிவழியாக வரும் செய்தி. அவருடைய நூலின் 29-ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு நடத்துவது முழுக்க முழுக்க லாஜிக் பாடம்! இந்த மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம். புகை இருப்பதால் என்பது ஏது. அடுக்களையைப்போல என்பது எடுத்துக்காட்டு. இந்த மூன்றிலும் போலிகள் எப்படி எப்படி வரும் என்று பட்டியலே போடுகிறார். தமிழ்ப் பாடத்தில் மணிமேகலை என்றால் அமுதசுரபியோடு நிறுத்திவிடுகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம்.

இனி ‘வலுவான வாதமா, வலுவற்றதா’ என்ற கேள்வி வகை. ஒரு கூற்று கொடுத்து, கீழே வாதங்கள் கொடுப்பார்கள். உதாரணமாக, மாசி வீதிகளில் பகல் நேரத்தில் கார், வேன் வருவதைத் தடை செய்ய வேண்டுமா? ‘ஆம், குறுகலான வீதியில் நடப்பவர்களுக்கு இடமும் பாதுகாப்பும் கிடைக்கும்’ என்பது வலுவானது. விஷயத்தை நேராகத் தொடுகிறது. ‘ஆம், வெளிநாட்டில் அப்படித்தான் செய்கிறார்கள்’ என்பது வலுவற்றது. அங்கே செய்வது இங்கே ஏன் பொருந்தும் என்று சொல்லவில்லையே! ‘இல்லை, காலங்காலமாக வண்டி போகிற வீதி’ என்பதும் அப்படித்தான். ‘இல்லை, தடை செய்தால் மதுரையில் வியாபாரமே அழிந்துவிடும்’ என்பது அளவுக்கு மீறிய பேச்சு. ‘இல்லை, கடைகளுக்குச் சரக்கு இறக்க வேறு நேரமோ வழியோ இல்லை’ என்பது வலுவானது.

ஆக, ஆம் என்பதிலும் ஒன்று வலுவாக இருக்கிறது. இல்லை என்பதிலும் ஒன்று வலுவாக இருக்கிறது. இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். ‘இரண்டும் வலுவானவை’ என்று குறிக்கக் கை வராது, ஏதோ கட்சி மாறுவதுபோல! நம்மிடம் தீர்ப்பு கேட்கவில்லை, எடைதான் கேட்கிறார்கள். கொடுத்த காரணத்தை உண்மை என்றே வைத்துக்கொண்டு, அது முடிவைத் தாங்குகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

காரண காரியம் பற்றிய கேள்விகள் இன்னும் சுவாரசியமானவை. ‘ஓர் ஊரில் புதிய உரம் போட்ட தோட்டங்களில் மல்லிகை அதிகம் பூத்தது. ஆகவே உரம்தான் விளைச்சலைக் கூட்டியது.’ இதைப் பலவீனப்படுத்துவது எது? புதிய உரம் வாங்கியவர்கள் எல்லாம் ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவர்கள் என்று ஒரு தெரிவு இருந்தால் அதுதான் விடை. பூத்தது உரத்தாலா, தண்ணீராலா? இனிமேல் சொல்ல முடியாது. உரத்தின் விலை அதிகம் என்று ஒரு தெரிவு இருக்கும். படிக்கும்போது சரியாகத் தோன்றும், ஆனால் பூவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கடைசியாக, எங்கள் வீட்டில் வந்த ஒரு வாதம். நான் பத்தாம் வகுப்பு முடித்தபோது மாமா சொன்னது: “நம்ம தெருவுல பாலிடெக்னிக் படிச்ச ரெண்டு பேரும் சும்மாதான் திரியிறாங்க. படிச்சா வேலை கெடைக்காதுக்கா. இவளை நூல் மில்லுக்கு அனுப்பு, மாசாமாசம் சம்பளம் வரும்.” எங்கள் குடும்பத்தில் படிக்கப் போன முதல் ஆள் நான். அப்பாவுக்கும் மாமா சொல்வது நியாயமாகத்தான் பட்டது. பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மா, பள்ளிக்கூடமே போகாதவர், நிமிராமலே கேட்டார்: “ஏண்டா, வேலை கெடச்சவன் ஓசூருக்கும் மெட்ராசுக்கும் போயிருப்பான். போகாதவன் மட்டும்தானடா உன் கண்ணுல படுவான்?”

மாமாவின் வாதத்தில் சொல்லாமல் கிடந்தது, ‘தெருவில் இருக்கிற இரண்டு பேர்தான் படித்தவர்கள் எல்லோருக்கும் மாதிரி’ என்பது. அம்மா தட்டியது சரியாக அந்த இடத்தை. வேலை கிடைத்தவர்கள் தெருவை விட்டே போய்விடுவார்கள் என்றால், தெருவில் நின்று எண்ணுகிற கணக்கு எப்போதும் ஒரு பக்கமாகத்தான் சாயும். மாமா எண்ணியது தப்பில்லை, எண்ணிய இடம்தான் தப்பு.

ஆனால் ஒன்று. மாமாவின் வாதம் உடைந்துவிட்டது என்பதால் எனக்கு வேலை நிச்சயம் என்று ஆகிவிடாது. ஒரு முடிவுக்குச் சொன்ன காரணம் செல்லாது என்பது ஒன்று, அந்த முடிவே பொய் என்பது வேறொன்று. தேர்விலும் இந்த இரண்டையும் குழப்பும்படி தெரிவு வைப்பார்கள். மாமா இன்னும் அதே கருத்தில்தான் இருக்கிறார். நான் ஜே.இ. தேர்வுக்கு விண்ணப்பிக்கப் போகிறேன்.

பயிற்சிக்கு ஒரு கேள்வி தந்துவிட்டுப் போகிறேன். ‘போன செமஸ்டரில் நூலகத்தில் நிறையப் புத்தகம் எடுத்தவர்கள் நல்ல மார்க் வாங்கினார்கள். ஆகவே மாதம் இரண்டு புத்தகம் கட்டாயம் எடுக்க வேண்டும் என்று விதி போட்டால் எல்லோருடைய மார்க்கும் உயரும்.’ இதில் சொல்லாமல் விட்டது என்ன? ஒன்றுக்கு மேல் இருக்கிறது. கண்டுபிடித்தவர்கள் எலெக்ட்ரிகல் லேப் வாசலில் வந்து சொல்லுங்கள், சரிபார்ப்போம்.