பாறைமேல் எழுந்த பொறுமை

அஞ்சுகிராமத்தில் பேருந்து ஏறினால் சிறிது நேரத்தில் கன்னியாகுமரியை அடைந்துவிடலாம். பகவதி அம்மனைத் தரிசித்துவிட்டுக் கடலை நோக்குவோர் கண்ணில் விவேகானந்தர் பாறை தென்படும். குமரி அன்னை ஒற்றைக் காலில் நின்று தவம் இயற்றியதாகவும், அவளது திருவடி பதிந்ததாகவும் போற்றப்படுவதால் அதற்கு ஸ்ரீபாதப் பாறை என்றும் பெயர். 1892 டிசம்பரில் சுவாமி விவேகானந்தர் அங்கே தியானத்தில் அமர்ந்தார். இவை பலரும் அறிந்தவை. அங்கே மண்டபம் எழுந்த வரலாற்றிலோ, எடுத்த காரியத்தை முடிக்க எத்தகைய மனம் வேண்டும் என்னும் பாடம் அடங்கியிருக்கிறது.

சுவாமிஜியின் நூற்றாண்டு விழா 1963-இல் வந்தது. பாறையில் நினைவுச்சின்னம் அமைக்கும் பொறுப்பு மராட்டியத்தைச் சேர்ந்த ஏக்நாத் ரானடேயிடம் ஒப்படைக்கப்பட்டது. அன்றைய முதல்வர் பக்தவத்சலம் முதலில் இசையவில்லை. மத்திய அமைச்சர் ஹுமாயூன் கபீரும் பாறையின் இயற்கை எழில் கெடும் என்று மறுத்தார்.

ரானடே எவரையும் பகைக்கவில்லை, சோர்ந்தும் போகவில்லை. டில்லி சென்று, கட்சி வேறுபாடு பாராது, மூன்றே நாட்களில் 323 நாடாளுமன்ற உறுப்பினர்களின் கையொப்பங்களைப் பெற்றார். அதன்பின் அனுமதி கிடைத்தது. ஆயினும் பதினைந்தடிச் சதுரத்தில் ஒரு சிறு சந்நிதிக்கு மட்டுமே. கிடைத்ததை நன்றியுடன் ஏற்றுக்கொண்டு, அவர் அடுத்த படியைத் தேடினார். முதல்வர் காஞ்சி மகா பெரியவரிடம் பெருமதிப்புக் கொண்டவர் என்பதை உணர்ந்து, பெரியவரை அணுகி ஆலோசனை பெற்றார். அவ்வாறு உருவான, ஏறத்தாழ 130 அடி நீளமும் 56 அடி அகலமும் கொண்ட அமைப்பை முதல்வர் தயங்காமல் ஏற்றார். மறுத்தவரே துணைவரானார்.

பொருளுக்கும் அவர் செல்வரை மட்டும் நம்பியிருக்கவில்லை. நாடெங்கும் எளிய மக்கள் ஒரு ரூபாய் முதல் தம்மால் இயன்றதை வழங்கினர். ஸ்தபதி எஸ்.கே. ஆச்சாரியின் மேற்பார்வையில், அலைகளுக்கு நடுவே கற்கள் படகேறிச் சென்றன. 1970 செப்டம்பர் 2 அன்று குடியரசுத் தலைவர் வி.வி. கிரி மண்டபத்தைத் திறந்து வைத்தார். பணி முடிந்ததென்று ரானடே ஓயவில்லை. 1972-இல் விவேகானந்த கேந்திரத்தைத் தொடங்கினார்.

"வயதாகிவிட்டது, இனி நம்மால் என்ன ஆகும்?" என்னும் ஏக்கம் முதியோர் பலரின் உள்ளத்தில் உண்டு. ஊர்க் கோயிலின் விளக்குக்கு எண்ணெய் வாங்கித் தருவதும், பேரப் பிள்ளைக்கு நாளுக்கு ஒரு பாட்டு சொல்லித் தருவதும் அந்த ஒரு ரூபாய் போன்றவையே. பேச்சற்றுப் போன உறவினரிடம் தாமே முதலில் நலம் விசாரிப்பது அதனினும் பெரிது. மறுப்பைக் கேட்டுச் சினவாமல், கிடைத்த சிறு இடத்தில் காலூன்றி, இன்றைய ஒரு படியை இன்றே ஏறுவதே செயல்திறன்.

அடுத்த முறை குமரிக் கரையில் நிற்கும்போது அன்னையிடம் அந்தப் பொறுமையையே வரமாகக் கேட்போம். ஒற்றைக் காலில் தவம் நின்றவள் அதனைத் தராமல் இருப்பாளா?